விலங்குத் துணையோடு ரேஞ்சர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், பகடை உருட்டிக் கதை சொல்லி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம் நடக்கும் எங்கள் மேசைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் என்ன கேரக்டர் வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான்: "ரேஞ்சர் அக்கா, கூடவே ஒரு மிருகம்." இது எனக்கு நன்றாகவே புரிகிறது. தோட்டத்து லயத்தில் வளர்ந்த தாத்தா பாட்டி பேச ஆரம்பித்தால் நாய், கூகை, காட்டுப்பன்றி, யானை எல்லாம் பேச்சுக்குள் வந்துவிடும். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு டிராகனைவிட அவைதான் நெருக்கம்.

ஆனால் சில வாரம் ஆடியதும் அந்த மிருகம் தாளின் ஓரத்தில் வெறும் பெயராக ஒதுங்கிவிடுகிறது. சண்டை வந்தால் மட்டும் ஞாபகம் வரும், மற்ற நேரத்தில் அது எங்கே நிற்கிறது என்று ஆடுகிறவருக்கே தெரியாது. அப்படி ஆகாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் மிருகத்துக்கு என்ன வேலை என்று முதலில் முடிவு செய்யுங்கள். எண்களைப் பிறகு பார்க்கலாம்.

ரேஞ்சர் என்றால் யார்?

காட்டையும் எல்லையையும் காக்கிறவர். வில்லும் வாளும் தெரியும், தடம் பார்க்கத் தெரியும், கொஞ்சம் இயற்கை மந்திரமும் உண்டு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே, 1975-இல், 'தி ஸ்ட்ராட்டஜிக் ரிவியூ' என்ற இதழில் ஜோ ஃபிஷர் எழுதிய ரேஞ்சர் கிளாஸ் (கேரக்டர் வகை) அச்சாகியது. 2003-இல் வந்த 3.5 பதிப்பில் ரேஞ்சருக்கு 4-ஆம் லெவலில் விலங்குத் துணை கிடைத்தது. இப்போதைய ஐந்தாம் பதிப்பில் 'பீஸ்ட் மாஸ்டர்' என்ற சப்கிளாஸை (கிளாஸின் உட்பிரிவை) எடுத்தால் 3-ஆம் லெவலில் துணை வந்து சேரும்.

இணையத்தில் ஒருவர் பீஸ்ட் மாஸ்டர் வீண் என்கிறார், இன்னொருவர் பிரமாதம் என்கிறார். எதை நம்புவது?

இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். அவர்கள் பேசுவது வெவ்வேறு விதிகளைப் பற்றி.

2014 பிளேயர்ஸ் ஹேண்ட்புக் என்ற விதிப்புத்தகத்தில் மிருகம் தாக்க வேண்டுமானால், ஒரு சுற்றில் உங்களுக்குள்ள ஒரே ஆக்‌ஷனைக் கொடுத்துக் கட்டளையிட வேண்டும். 3, 4 லெவல்களில் அது கடித்தால் நீங்கள் சும்மா நிற்க வேண்டியதுதான். 5-ஆம் லெவலில்தான் அது கடிக்கும்போது நீங்களும் ஒருமுறை தாக்கலாம். அதன் ஹிட் பாயிண்ட் (அடி தாங்கும் உயிர்ப்புள்ளி), அதன் வழக்கமான அளவு அல்லது உங்கள் ரேஞ்சர் லெவலின் நான்கு மடங்கு, இதில் எது அதிகமோ அது. சிறுத்தைக்கு 13, 3-ஆம் லெவலில் நான்கு மடங்கு என்றால் 12. ஆக 13 ஹிட் பாயிண்டோடு ஓகர் என்ற அரக்கன் முன்னால் போய் நிற்கும். "வீண்" என்ற பெயர் அங்கேதான் வந்தது.

2020-இல் டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங் என்ற புத்தகம் இதைச் சரிசெய்தது. 'பிரைமல் கம்பேனியன்' என்று நிலம், வானம், கடல் ஆகிய மூன்று வகைகள் வந்தன. சுற்றில் ஆக்‌ஷனுக்கு மேல் போனஸ் ஆக்‌ஷன் என்று ஒரு சிறு செயலும் உங்களுக்கு உண்டு. போனஸ் ஆக்‌ஷன் கொடுத்தாலே மிருகம் தாக்கும், உங்கள் ஆக்‌ஷன் உங்களிடமே இருக்கும். 2024 பிளேயர்ஸ் ஹேண்ட்புக் இதையே எடுத்துக்கொண்டு, மிருகத்தின் பலத்தை உங்கள் விஸ்டம் என்ற திறன் எண்ணோடு கட்டிவிட்டது.

எங்கள் மேசையில் 2024 விதிதான். கீழே உள்ள எண்களும் அதன்படியே. உங்கள் டி.எம். (டன்ஜன் மாஸ்டர், கதையை நடத்துகிறவர்) 2014 புத்தகத்தை மட்டும் வைத்து நடத்துகிறார் என்றால், பிரைமல் கம்பேனியனை அனுமதிக்கச் சொல்லிக் கேளுங்கள். நல்ல டி.எம். மறுக்கமாட்டார்.

புத்தகம் வாங்கக் காசு இல்லை. ஆட முடியுமா?

முடியும். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பு 2023-இல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளியிடப்பட்டது. ரேஞ்சர் கிளாஸும் ஏராளமான விலங்குகளின் எண்களும் அதில் இருக்கின்றன. பீஸ்ட் மாஸ்டர் மட்டும் இல்லை, ஹன்டர் சப்கிளாஸ்தான் இருக்கிறது. பீஸ்ட் மாஸ்டருக்கு மேசையில் யாராவது ஒருவரிடம் ஒரு புத்தகம் இருந்தால் போதும். அந்தப் பக்கங்களை எல்லாரும் சுற்றிப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.

புலி எடுக்கலாமா அக்கா? யானை?

இதைக் கேட்காத ஆளே இல்லை.

2014 விதிப்படி துணை விலங்கு மீடியம் அளவைத் தாண்டக் கூடாது, சேலஞ்ச் ரேட்டிங் (எதிரியாக எவ்வளவு கடினம் என்ற எண்) கால் அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். புலி லார்ஜ், ரேட்டிங் 1. யானை ஹியூஜ், ரேட்டிங் 4. இரண்டுமே அடிபடும். ஓநாய், காட்டுப்பன்றி, சிறுத்தை, மாஸ்டிஃப் நாய் இவையெல்லாம் தேறும்.

2024 விதியில் இந்தச் சிக்கல் வேறு மாதிரி தீர்கிறது. 'நில மிருகம்' என்ற ஒரே எண் தொகுப்புதான். அதற்கு என்ன உருவம் என்பது உங்கள் விருப்பம். அளவு மீடியம் என்பதால் முழுவளர்ச்சி பெற்ற புலியாகச் சொல்ல முடியாது. இளம் புலியாகவோ குட்டி யானையாகவோ சொல்லலாம்.

ஆனால் நான் சொல்வது கருஞ்சிறுத்தை. மலாயாத் தீபகற்பத்துச் சிறுத்தைகளில் மிகப் பெரும்பாலானவை கறுப்புதான். உலகில் வேறெங்கும் இப்படிப் பார்ப்பது அரிது. நம் காட்டின் சொந்த விலங்கு அது, ஓசையில்லாமல் வரும், மரம் ஏறும். நில மிருகத்துக்கு 40 அடி நடை வேகமும் அதே அளவு ஏறும் வேகமும் இருப்பதால் எண்களும் அதற்கே தைத்தது மாதிரி பொருந்துகின்றன. மலாயாப் புலி காட்டில் 150-க்கும் குறைவாகத்தான் மிச்சம் இருக்கிறது. புலியைத் துணையாக எடுக்கும் பிள்ளைகளிடம் இதை நான் சொல்வதுண்டு. அதற்குப் பிறகு பலர் தங்கள் ரேஞ்சரின் கதையையே வேட்டைக்காரக் கும்பலைத் துரத்துகிற கதையாக மாற்றிக்கொள்கிறார்கள்.

நிலம், வானம், கடல் மூன்றில் எது நல்லது?

உங்கள் கையில் என்ன ஆயுதம் என்பதைப் பொறுத்தது. இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

நில மிருகம் இலக்கை நோக்கி நேராக 20 அடி ஓடி வந்து அடித்தால், கூடுதலாக ஒரு 6 முகப் பகடை சேதம், அதோடு லார்ஜ் அளவு வரையுள்ள எதிரி கீழே விழுவான். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் விழுந்து கிடப்பவனை 5 அடிக்குள் நின்று தாக்கினால்தான் உங்களுக்கு அட்வான்டேஜ், அதாவது இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுக்கலாம். தூரத்திலிருந்து அம்பு விட்டால் டிஸ்அட்வான்டேஜ், சிறியதைத்தான் எடுக்க வேண்டும்! வில்லாளி ரேஞ்சர் நில மிருகத்தை எடுத்தால், மிருகம் சாய்த்துப்போடும் ஒவ்வொரு எதிரியும் அவருக்கே இடைஞ்சல் ஆகிறான். அதனால் நில மிருகம் கிட்டப் போய் வெட்டுகிறவர்களுக்கு.

வில் பிடிக்கிறவர்கள் வான மிருகத்தை எடுங்கள். 60 அடி பறக்கும். எதிரியின் எல்லையைவிட்டு விலகும்போது அவனுக்கு எதிர்த்தாக்குதல் வாய்ப்பு கிடைக்காது. அதன் அடி சிறியது, ஒரு 4 முகப் பகடையோடு 3-ம் உங்கள் விஸ்டம் மாடிஃபையரும் (திறன் எண்ணிலிருந்து வரும் கூட்டல்) மட்டும்தான். பரவாயில்லை, அது வேறு வேலைக்கு. போனஸ் ஆக்‌ஷனில் அதை 'ஹெல்ப்' செய்யச் சொல்லுங்கள். எதிரியின் முகத்துக்கு நேரே சிறகடித்துவிட்டு மேலே போய்விடும், உங்கள் குழுவின் அடுத்த தாக்குதலுக்கு அட்வான்டேஜ். குழுவில் ரோக் (பதுங்கித் தாக்கும் கிளாஸ்) இருந்தால் உங்கள் பறவைக்குக் கோயில் கட்டுவார்.

கடல் மிருகம் நிலத்தில் 5 அடிதான் நகரும், நீரில் 60 அடி. கதை முழுக்க ஆற்றிலோ கடலிலோ நடந்தால் மட்டும் எடுங்கள். நீண்ட ஓய்வு முடியும்போது வேறு வகை மிருகத்தை அழைக்க விதி இடம் தருகிறது, அதனால் ஒருநாள் படகுப் பயணத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். கதைக்கு ஒரே மிருகம் தொடர்வதுதான் அழகு என்பது என் எண்ணம்.

எண்களை எப்படிப் போடுவது?

27 புள்ளி கொடுத்துத் திறன் எண்களை வாங்கும் முறையில் டெக்ஸ்டெரிட்டி 15, விஸ்டம் 15, கான்ஸ்டிட்யூஷன் 13, இன்டெலிஜென்ஸ் 10, கரிஸ்மா 10, ஸ்ட்ரெங்த் 8. புள்ளி சரியாகத் தீர்ந்துவிடும். பின்புலமாக 'கைடு' எடுத்து டெக்ஸ்டெரிட்டி, கான்ஸ்டிட்யூஷன், விஸ்டம் மூன்றுக்கும் ஒவ்வொன்று ஏற்றுங்கள்: 16, 14, 16. அவ்வளவுதான், முடிந்தது.

விஸ்டத்தை ஏன் இவ்வளவு தூக்குகிறோம்? மிருகத்தின் ஏசி (அதை அடிக்க எதிரி எட்ட வேண்டிய எண்) 13-உடன் உங்கள் விஸ்டம் மாடிஃபையர். அதன் தாக்குதல் உங்கள் மந்திரத் தாக்குதல் எண். அதன் சேதத்திலும் விஸ்டம் சேரும். 3-ஆம் லெவலில் இந்த எண்களோடு நில மிருகத்துக்கு ஏசி 16, ஹிட் பாயிண்ட் 20, தாக்க +5, பட்டால் 8 முகப் பகடையோடு 5. வான மிருகத்துக்கு அதே ஏசி, ஹிட் பாயிண்ட் 16. உங்கள் கேரக்டர் காட்டைக் கவனித்துக் கற்றுக்கொள்ளும்போது மிருகமும் கூடவே தேறுகிறது என்பதை எண்ணிலேயே காட்டுகிற விதி இது. எனக்கு மிகவும் பிடித்தது.

முதல் இரண்டு லெவலில் மிருகம் இல்லையே, என்ன செய்வது?

டி.எம்.மிடம் பேசி மிருகத்தை முன்னாலேயே கதையில் காட்டச் சொல்லுங்கள். முகாமுக்கு வெளியே தினமும் வந்து நிற்கும் நாய், அடிபட்டுக் கிடந்த கூகைக் குஞ்சு. சண்டையில் இறங்காது, கட்டளை கேட்காது. ஆனால் நீங்கள் அதற்குச் சோறு வைக்கிறீர்கள். 3-ஆம் லெவல் வரும் இரவில் அது உங்கள் பக்கத்தில் வந்து படுத்தால், அந்தத் துணைக்கு மேசையிலிருக்கும் எல்லாரும் சாட்சி.

சண்டையில் என் முறை வந்தால் எதை முதலில் செய்வது?

ஒரு சுற்றை அப்படியே காட்டுகிறேன். வேலாயி என்று ஒரு 3-ஆம் லெவல் ரேஞ்சர். வலது கையில் ஷார்ட்ஸ்வோர்டு, இடது கையில் சிமிட்டார். இரண்டிலும் வெப்பன் மாஸ்டரி (அந்த ஆயுதத்துக்கே உரிய தனித்திறன்). கூட மணி, நில மிருகம், நாய். எதிரே 30 அடியில் ஒரு ஓர்க்.

முதலில் போனஸ் ஆக்‌ஷன்: "மணி, பிடி!" மணி 25 அடி நேராக ஓடுகிறது. உருட்டுகிறோம், 14-உடன் 5 சேர்ந்து 19, பட்டது. சேதத்துக்கு 8 முகப் பகடையும் 6 முகப் பகடையும் 5-ம். சராசரி 13. ஓர்க் கீழே. இப்போது வேலாயி நடந்து பக்கத்தில் போகிறாள். ஷார்ட்ஸ்வோர்டால் அட்வான்டேஜோடு வெட்டு. சிமிட்டாரின் 'நிக்' மாஸ்டரி இருப்பதால் இடதுகை வெட்டு அதே ஆக்‌ஷனுக்குள் அடங்கிவிடும், போனஸ் ஆக்‌ஷன் தேவையில்லை. அதுவும் அட்வான்டேஜோடு. மூன்றும் பட்டால் சராசரி 23 சேதம், ஒரே சுற்றில்.

வரிசை முக்கியம். வேலாயி முதலில் வெட்டிவிட்டு மணியைப் பிறகு ஏவினால் அட்வான்டேஜ் போச்சு. இரு கத்தி பிடிக்கும் ரேஞ்சர் நிக் ஆயுதம் எடுக்காவிட்டால் இடதுகை வெட்டா, மணியா என்று ஒவ்வொரு சுற்றும் தடுமாற வேண்டியிருக்கும்.

கட்டளை கொடுக்காத சுற்றில் மிருகம் தானாக நகரும், ரியாக்‌ஷன் எடுக்கும், மற்றபடி தற்காத்துக்கொண்டு 'டாட்ஜ்' செய்யும். நீங்கள் மயங்கி விழுந்தால் அந்தக் கட்டுப்பாடு போய்விடும். மணி தன் இஷ்டப்படி சண்டை போடலாம், உங்கள் உடம்பைக் காத்து நிற்கலாம். அந்தச் சுற்றில் மிருகத்தை டி.எம். ஓட்டுவதைவிட நீங்களே ஓட்டுவது நல்லது.

ஹன்டர்ஸ் மார்க் போடலாமா வேண்டாமா?

எதிரியைக் குறிவைக்கும் இந்த மந்திரமும் போனஸ் ஆக்‌ஷன் என்பதுதான் பிரச்சினை. அது உங்கள் ஒவ்வொரு அடிக்கும் 6 முகப் பகடை ஒன்று சேர்க்கும். ஆனால் போடுகிற சுற்றில் மிருகம் அடிக்க வேண்டுமானால் உங்கள் அடியைத்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். சின்னச் சின்ன எதிரிகள் நிறைய வந்தால் விட்டுவிடுங்கள். நீண்டநேரம் தாங்கும் பெரிய எதிரி ஒன்று என்றால் முதல் சுற்றிலேயே போடுங்கள்.

5-ஆம் லெவலில் அடி இரண்டாவதால் இந்த இறுக்கம் கொஞ்சம் தளரும். அட்டாக் ஆக்‌ஷனில் உங்கள் அடிகளில் ஒன்றை விட்டுக்கொடுத்து மிருகத்தை அடிக்கச் சொல்லலாம், போனஸ் ஆக்‌ஷனில் மார்க் போடலாம். 11-ஆம் லெவலில் மிருகத்துக்கும் மார்க்கின் பலன் சுற்றுக்கு ஒருமுறை சேரும். அதுவரை அது உங்கள் அடிக்கு மட்டும்தான்.

மிருகம் செத்துவிட்டால்?

ஒரு மணி நேரத்துக்குள் நீங்கள் அதைத் தொட்டு, ஒரு ஸ்பெல் ஸ்லாட்டை (நாளுக்கு இத்தனை என்று கிடைக்கும் மந்திர வாய்ப்பை) செலவிட்டால், 1 நிமிடத்தில் முழு ஹிட் பாயிண்டோடு எழும். விதி அவ்வளவு இரக்கமாக இருக்கிறது. அதனால் நாளின் கடைசி ஸ்லாட்டை எப்போதும் கையில் வைத்திருங்கள்.

இந்த இரக்கத்தைச் சிலர் வேறு மாதிரி பயன்படுத்துகிறார்கள். "கதவில் பொறி இருக்குமோ என்னவோ, நாயை முதலில் அனுப்பு. செத்தால் எழுப்பிக்கொள்ளலாம்." என் மேசையில் இதை நான் விடமாட்டேன். விதி தடுக்கவில்லை, தெரியும். ஆனால் தன் நாயைப் பொறிக்குள் தள்ளுகிறவரைக் காவல்காரர் என்று நான் எப்படிக் கதை சொல்வேன்? மணி உங்களைக் காப்பாற்றப் பாய்ந்து விழுந்தால் அது வேறு. அப்போது மேசை அமைதியாகிவிடும், ஸ்லாட்டைச் செலவிடும் கையும் வேகமாக வரும்.

சண்டை இல்லாதபோது மிருகத்துக்கு என்ன வேலை?

எனக்கு மிகவும் முக்கியமான கேள்வி இதுதான். பொறுமையாகப் படியுங்கள்.

தோட்டத்தில் மிருகம் சும்மா இருந்ததே இல்லை. செம்பனைத் தோட்டத்துக்குள் போனால், கம்பத்தின் மேல் மரப்பெட்டிகள் நிற்பதைப் பார்க்கலாம். சுமார் 5 முதல் 10 ஹெக்டருக்கு ஒன்று என்று வைப்பார்கள். கூகைக்கான வீடு அது. எலி செம்பனைப் பழத்தைக் கடித்து நாசம் செய்யும், கூகை எலியைத் தின்னும். ஆந்தை அலறினால் அபசகுனம் என்று பயந்த அதே தோட்டத்து மக்கள் இன்று அந்தப் பெட்டியை ஏணி வைத்துத் துடைத்துவிடுகிறார்கள். லயத்து நாய்க்கோ வேறு வேலை. விடியுமுன் ரப்பர்ப் பால் வெட்டப் போகிறவர்களுக்கு முன்னால் ஓடி, வழியில் பாம்போ பன்றியோ இருந்தால் குரைத்துச் சொல்லும்.

இப்போது வான மிருகத்தைக் கூகையாக வைத்துப் பாருங்கள். வெள்ளச்சி என்று பெயர் வைப்போம். கூகையின் இரண்டு காதும் ஒரே மட்டத்தில் இல்லை, ஒன்று சற்று மேலே ஒன்று சற்றுக் கீழே. அதனால் இருட்டில் சத்தத்தை வைத்தே எலி எந்த இடத்தில் என்று குறி தவறாமல் கண்டுபிடிக்கும். சிறகின் விளிம்பு சீப்புப் பல் மாதிரி இருப்பதால் பறக்கிற ஓசையும் கேட்காது. இதை ஆட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். இரவுக் காவல் உங்கள் முறை வரும்போது, கவனிப்புச் சோதனைக்கு "பெர்செப்ஷன் உருட்டுகிறேன்" என்பதோடு நிறுத்தாதீர்கள். "வெள்ளச்சி மேலே கிளையில் இருக்கிறாள். அவள் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். 3-ஆம் லெவலில் அவளுடைய பெர்செப்ஷன் +4: விஸ்டம் 2, அதோடு உங்கள் புரொஃபிஷியன்சி போனஸ் (லெவலோடு வளரும் பயிற்சிக் கூட்டல்) 2, ஏனென்றால் துணை மிருகம் செய்யும் எல்லாச் சோதனையிலும் அது சேரும். 60 அடி இருட்டுப் பார்வையும் உண்டு. சத்தம் சம்பந்தப்பட்ட சோதனைக்கு நான் கூகைக்கு அட்வான்டேஜும் தருவேன். இது என் வீட்டு விதி, புத்தகத்தில் இல்லை.

அப்படிச் சொன்னால் டி.எம்.முக்கும் கதை சொல்ல ஒரு வழி கிடைக்கிறது. "வெள்ளச்சியின் தலை வடக்கே திரும்பி அப்படியே நிற்கிறது." உடனே மேசையில் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள். எண் எவ்வளவு வந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

நாய்க்கு மோப்பம், சிறுத்தைக்கு மரத்தின் மேல் வழி, பெரோக் குரங்குக்குக் கை. கிளந்தானில் பெரோக்கைத் தேங்காய் பறிக்கப் பழக்குவார்கள். முற்றிய காயை மட்டும் திருகிக் கீழே போடும். அப்படி ஒரு குரங்கு, ஜன்னல் வழியாகச் சாவிக் கொத்தை எடுத்துவரலாமா? நான் டி.எம். என்றால் உருட்டச் சொல்லுவேன், மறுக்கமாட்டேன்.

ஒரே ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். புது இடத்துக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் உங்கள் மிருகம் என்ன செய்கிறது என்று ஒரு வாக்கியம். நீளமாக வேண்டாம், மற்றவர்களும் பேச வேண்டும். "மணி வாசலிலேயே நின்றுவிட்டான், உள்ளே வர மறுக்கிறான்." போதும்.

அதோடு பேச முடியுமா?

'ஸ்பீக் வித் அனிமல்ஸ்' முதல் லெவல் மந்திரம், 10 நிமிடம் நிற்கும். 2024 விதியில் அதைத் தயார் செய்து வைத்திருந்தால் சடங்காக, ஸ்லாட் செலவில்லாமல் சொல்லலாம். கூடுதலாக 10 நிமிடம் ஆகும். 5-ஆம் லெவலில் 'பீஸ்ட் சென்ஸ்' வரும், மிருகத்தின் கண் வழியாகவே பார்க்கலாம். அதே லெவலில் 'பாஸ் விதவுட் டிரேஸ்' எடுக்க மறக்காதீர்கள். 30 அடிக்குள் இருக்கும் எல்லாருக்கும் ஸ்டெல்த்தில் 10 கூடும், மிருகத்துக்கும் சேர்த்து. கவசம் கலகலக்கும் ஃபைட்டரையும் பதுங்க வைக்கும் மந்திரம் அது.

பேச முடிந்தாலும் நாய் நாயாகவே பேசட்டும். "உள்ளே எத்தனை பேர்?" என்று கேட்டால், "நிறைய. ஒருத்தன் வெங்காயம் தின்றான். ஒருத்தன் பயந்திருக்கிறான்" என்று சொல்லட்டும். எண்ணிச் சொல்கிற நாயைவிட இந்த நாய் உங்களுக்கு அதிகம் உதவும்.

நம்ம ஊரையே களமாக வைத்துக் கதை நடத்தலாமா?

தாராளமாக. பாடாங் ரெங்காஸ் பக்கம் குனோங் பொண்டோக் போன்ற சுண்ணாம்புக்கல் மலை, குகைகளோடு. கிழக்கே லாசா தாண்டினால் பிளஸ் ஆறு, அதன்பின் மலைக்காடு. செம்பனை வரிசை முடிந்து காடு தொடங்கும் அந்தக் கோடுதான் ரேஞ்சரின் இடம். யானை இரவில் இறங்கி இளங்கன்றைப் பிடுங்குகிறது. அதை விரட்ட வேண்டுமா, அதன் பழைய வழியைத் திறந்துவிட வேண்டுமா? இதில் ஒரு வாள்கூட உருவாமல் முழு மதியமும் ஆடலாம்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம். அந்தக் காட்டில் தெமியார் என்ற பூர்வகுடி மக்கள் வாழ்கிறார்கள், நம் பக்கத்து ஊர்க்காரர்கள். அவர்களைக் கதையில் மர்மக் கூட்டமாகவோ எதிரியாகவோ காட்டாதீர்கள். காட்டை நம் ரேஞ்சரைவிட நன்றாக அறிந்தவர்களாக, அவர்கள் சொல்லிக்கொடுக்க நம் கேரக்டர் கேட்கிற மாதிரி வையுங்கள். அடுத்தது சாமி. தோட்டத்து எல்லையில் முனியாண்டி கோவில் இருக்கும், பைரவருக்கு நாய் வாகனம். எல்லைக் காவலும் நாயும் சேர்ந்த ஒரு ரேஞ்சருக்கு இதைவிட நல்ல வேர் கிடையாது. வேலாயி எல்லைச் சாமியைக் கும்பிட்டுவிட்டுக் காட்டுக்குள் போகலாம். ஆனால் சாமிக்கு ஹிட் பாயிண்ட் போட்டுச் சண்டைக்கு இழுக்காதீர்கள். மேசையில் விரதம் இருந்து தீ மிதிக்கிறவர்களும் உட்கார்ந்திருப்பார்கள்.

பாத்ஃபைண்டரில் எப்படி?

பாத்ஃபைண்டர் இதே மாதிரி இன்னொரு ஆட்டம். 2019-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் ரேஞ்சர் முதல் லெவலிலேயே ஃபீட் (கூடுதல் திறமை) எடுத்து விலங்குத் துணை வைத்துக்கொள்ளலாம். ஒரு சுற்றுக்கு உங்களுக்கு மூன்று ஆக்‌ஷன். ஒன்றைக் கட்டளைக்குக் கொடுத்தால் மிருகத்துக்கு இரண்டு ஆக்‌ஷன் கிடைக்கும். 6-ஆம் லெவலில் துணை முதிர்ந்துவிட்டால், கட்டளை இல்லாத சுற்றிலும் அது நகரவோ அடிக்கவோ செய்யும். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு அது நல்ல ஆட்டம்.

என் முறை ரொம்ப நேரம் எடுக்கிறது, மற்றவர்கள் முகம் சுளிக்கிறார்கள்.

மிருகத்தின் பகடைக்குத் தனி நிறம் வைத்து, உங்கள் பகடையையும் அதனுடையதையும் ஒன்றாக உருட்டுங்கள். முந்தைய ஆள் ஆடும்போதே கட்டளையை முடிவு செய்துவிடுங்கள். மிருகத்தின் எண்களைத் தனி அட்டையில் எழுதி, கேரக்டர் தாளுக்குப் பக்கத்தில் வையுங்கள்: ஏசி, ஹிட் பாயிண்ட், தாக்குதல், வேகம், அதன் வேலை. ஹிட் பாயிண்டை மட்டும் பென்சிலால்.